ஸ்பேஸ் பாரை இரண்டு தடவை தட்டினால் போதாது

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) அறிவிப்புகளை டைப் செய்து இணையத்தில் போடுவது நான்தான். அக்கா மகனுக்கு டிஸ்லெக்ஸியா. பார்வையிலும் புத்தியிலும் குறை இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில்தான் தாமதம். என் அறிவிப்பு ஒன்றை வாசிக்கும்போது அவன் ஒரே வரிக்கு மூன்று தரம் திரும்பி வந்தான். கோளாறு என்னிடம், நான் எழுத்துக்கு இடம் விடும் விதத்தில் என்று அன்றுதான் தெரிந்தது.

டைப்ரைட்டிங் கிளாஸில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம் விடச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் எத்தனை தடவை தட்டினாலும் பிரவுசர் பொதுவாக ஒரே இடமாகத்தான் காட்டும். அதைவிட மோசம் இடமே விடாமல் "வந்தார்.பிறகு" என்று ஒட்டி எழுதுவது. இரண்டும் ஒரே சொல்லாகி, சேர்ந்தே அடுத்த வரிக்குத் தாவும். ஒரு இடம் போதும். அப்புறம் வாக்கியத்தைச் சின்னதாக்கி, மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒரு பத்தி பிரித்தால், ஸ்பேஸ் பாரிடம் நாம் எதிர்பார்த்த வேலை நடந்துவிடும்.

என் கணக்கில் பெரிய தவறு ஜஸ்டிஃபை. இரண்டு ஓரமும் நேராக நின்றால் அழகு என்று நினைக்கிறோம். தமிழ்ச் சொற்களோ நீளம்: "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" ஒன்றே போன் திரையில் பாதி வரியை எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டு சொற்களை ஓரம்வரை இழுக்கும்போது நடுவில் பள்ளம் விழுகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள இடைவெளி, வாக்கியங்களுக்கு நடுவில் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாகிவிடும். எங்கே நிற்பது என்று கண்ணுக்குத் தெரியாது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

அடுத்தது வரி நெருக்கம். நம் எழுத்தில் புள்ளியும் "கி"யின் விசிறியும் மேலே, உகரச் சுழி கீழே. வரிகள் முட்டினால் "க்" எது, "க" எது என்று தடுமாற வேண்டியதுதான். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வரி உயரம் நல்லது. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் வாசிக்க எட்ட வேண்டும் என்பதற்காக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 நெறிமுறையும் இந்த அளவைச் சொல்கிறது. வாசகர் தானாக வரி உயரத்தை அந்த அளவுக்குக் கூட்டிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் வெட்டுப்படக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உயரம் பூட்டிய பெட்டிக்குள் எழுத்தை அடைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

எழுத்துகளுக்கிடையே இடம் கூட்டினால் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அது இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் நடந்தது. தமிழில் அப்படியே செய்தால் சில பழைய மென்பொருள்களில் "கொ"வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். செய்வதானால் சொல்லிடைவெளியையும் சேர்த்துக் கூட்டுங்கள்; இல்லையென்றால் சொற்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

இவ்வளவையும் திருத்திவிட்டு, போன ஓணத்துக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பூக்களம் படத்தின்மேல் எழுதி, போட்டோவாகப் போட்டேன். பையன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். வரி திரைக்கு வெளியே ஓடியது. "மாமா, எழுத்தாவே போடுங்க" என்றான்.