ஓவியர் சங்கத்தின் பழைய காகிதங்களை ஒழுங்கு செய்ய

ஓவியர் சங்கத்தின் பழைய காகிதங்கள் உங்கள் கைக்கு வந்தால் அவசரப்பட்டு வகை பிரிக்காதீர்கள். அழைப்பிதழ் ஒரு கட்டு, போட்டோ ஒரு கட்டு, பில் ஒரு கட்டு என்று அடுக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அன்றைய செயலாளர் ஒரே கவரில் அழைப்பிதழையும் மைக் செட்காரர் ரசீதையும் போட்டு வைத்திருந்தால், அவை சேர்ந்து இருப்பதே ஒரு சாட்சி. எந்தக் கவரில் எது இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள். கண்காட்சிக்கு ஒரு உறை என்பதுதான் கணக்கு.

நான் கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் படம் மாட்டினோம். காகிதமும் அப்படியே வீடு வீடாகத் தங்கிவிட்டது. 2004இல் தர்மபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு தர்மபுரி உறுப்பினர்களிடம் ஒரு பங்கு நின்றுபோனது. அதனால் இரண்டு ஊரிலும் கேளுங்கள்.

கேட்டால் எல்லோரும் ரிப்பன் வெட்டும் போட்டோவைத்தான் எடுத்துத் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நான் தேடுவது படப்பட்டியலை. ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, வாட்டர் கலரா ஆயிலா, விலை எல்லாம் அதில் இருக்கும். ஒரு படம்கூட விற்காமல் போன நம் ஊர் ஓவியருக்கு, அவர் வரைந்தார் என்பதற்கு அந்த ஒற்றைத் தாள்தான் ஆதாரம். ஃப்ரேம் கடை பில்லையும் விடாதீர்கள், அளவு அதில் கிடைக்கும். பார்வையாளர் கருத்து நோட்டு, மினிட்ஸ் நோட்டு, வவுச்சர் எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம்.

வருடம் போடாத அழைப்பிதழ்தான் பெரிய தலைவலி. அதற்கும் வழி இருக்கிறது. 1965இல்தான் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது; அதனால் முகவரியில் 'சேலம் மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1965க்கு முந்தியது. 'தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி' என்றால் 1965க்கும் 2004க்கும் நடுவில். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான், அதற்கு முன் பின்கோடே இல்லை. லை, னை போன்ற எழுத்துகள் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். இதை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். பழைய ஈய எழுத்தை வைத்திருந்த அச்சகங்கள் பிறகும் அதிலேயே அடித்தன.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம், பின்கோடு 635001, 'ஜனவரி 14, ஞாயிறு', பழைய லை. பின்கோடு வந்த பிறகு, 2004க்குள் ஜனவரி 14 ஞாயிறாக வந்த வருடங்கள் 1973, 1979, 1990, 1996, 2001. எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று; 1979 சீர்திருத்தத்தை ஒட்டியே வருவதால் அதையும் தள்ளிவிட முடியாது. மூலையில் தமிழ் வருடம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பரிதாபி என்றால் 1973, காளயுக்தி என்றால் 1979. அதுவும் இல்லையென்றால் மினிட்ஸ் நோட்டைப் புரட்டுங்கள். நீங்கள் கணித்த வருடத்தை உறையின் மேல் அடைப்புக்குறிக்குள் எழுதி, எதை வைத்துக் கணித்தீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளைக்கு வருகிறவர் சரிபார்க்க முடியும்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின்களை மெதுவாக எடுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடத்தில் பழுப்பாகி மையையும் இழுத்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், போட்டபின் பிரிக்க முடியாது. செய்தித்தாள் வெட்டல் தன் அமிலத்தால் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், தனி உறையில் வையுங்கள். ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் இருக்கும் போட்டோவைப் பிய்க்குமுன் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு), தாளுக்கு 300 போதும். ஸ்டீல் பீரோ நல்லதுதான், ஆனால் ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரம் பிடிக்கும்.

எண் எளிமையாக இருக்கட்டும். 1979/1/4 என்றால் அந்த வருடத்தின் முதல் கண்காட்சி, நான்காவது தாள். பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவே தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்கு ஆல்பத்தின் பிரதியோடு போய், போட்டோவில் இருப்பவர் யார், சுவரில் தெரியும் படம் யாருடையது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் கூடவே குறியுங்கள். ஒரே படத்துக்கு இருவர் இரு ஓவியர் பெயரைச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள்.