வெளியூர்ச் சுற்றுலாவில் போட்டோ ஷூட்: உள்ளூர் போட்டோகிராஃபரை அமர்த்துவது எப்படி?

செல்ஃபி எடுத்தால் முகம் வரும், கோபுரம் வராது. வழிப்போக்கரிடம் போனை நீட்டினால் கோபுரம் வரும், அதன் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். குடும்பம் முழுவதும் இருக்க, பின்னால் ஊரின் அடையாளச் சின்னமும் ஒழுங்காகத் தெரிய, மாட்டி வைக்கிற மாதிரி பத்துப் படம் வேண்டுமானால் அந்த ஊர் போட்டோகிராஃபர் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்துவதுதான் வழி.

பலரும் முதலில் ஆளைப் பிடித்து, அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் "எங்கே, எத்தனை மணிக்கு?" என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் இடம், பிறகு அந்த இடத்துக்கான நேரம், கடைசியில்தான் ஆள். அந்த நேரத்தில் அவர் வேறு வேலையில் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

1. இடம்

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு இடம் போதும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடைக்கு மேல் இருக்கக் கூடாது. இருபது நிமிடம் நடந்தால் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு நடைக்கே போய்விடும். மூன்று, நான்கு இடம் என்று பட்டியல் போடுபவர்களின் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் மூச்சு வாங்குகிற முகம்தான் இருக்கும்.

இடம் திறந்திருக்குமா, சாரம் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லண்டனில் பிக் பென் இருக்கும் எலிசபெத் கோபுரத்தில் 2017 தொடங்கி 2022 வரை புதுப்பிப்பு வேலை நடந்தது. அதில் பெரும்பகுதிக் காலம் கோபுரம் சாரத்துக்குள்தான் இருந்தது. கூகுள் மேப்ஸில் அந்த இடத்தைத் திறந்து, விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, போன வாரம் யாராவது போட்ட படங்களைப் பாருங்கள். ஸ்ட்ரீட் வியூவை இதற்கு நம்ப வேண்டாம், அது சில வருடம் பழையதாகக்கூட இருக்கும்.

சின்னத்தின் காலடியில் போய் நிற்க ஆசைப்படாதீர்கள். ஈஃபில் கோபுரத்தின் உயரம் 330 மீட்டர். அடியில் நின்றால் படத்தில் இரும்புக் கால் மட்டும்தான். கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்பது ஒரு நல்ல கணக்கு. அந்தத் தூரத்தில் 50 எம்எம் லென்ஸோடு கேமராவை உயரவாக்கில் பிடித்தால் உச்சி வரை வரும், உங்கள் கைகால்களும் இழுபடாது. கிட்டே நின்று, அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் அகலமாகிவிடுவார். எப்போதும் அந்த ஓரத்தில் மாமாவோ அத்தையோதான் மாட்டுவார்கள்.

2. நேரம்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். "கோல்டன் அவர்ல எடுத்தா நல்லா வரும்" என்று (உதயத்துக்குப் பின்னும் மறைவுக்கு முன்னும் வரும் பொன்வெளிச்ச நேரம் அது) கேள்விப்பட்டு மாலை நேரத்தைப் பதிவு செய்துவிடுவார்கள். போய்ப் பார்த்தால் சூரியன் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும். முகம் இருண்டு போகும், அல்லது வானம் வெள்ளைத்தாள் ஆகும். கோல்டன் அவரில் தப்பில்லை. சின்னம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூர் மெர்லயன் சிலை கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் விழும். மாலையில் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஈஃபில் கோபுரத்தை ட்ரோக்கதேரோ மேட்டிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அங்கிருந்து பார்த்தால் கோபுரம் தென்கிழக்கில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் ஏறத்தாழக் கோபுரத்தின் முதுகிலிருந்தே எழும். ஜூனில் வடகிழக்கில், இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி எழும். அதே இடம், அதே விடியல், ஆனால் டிசம்பரில் நிழலுருவப் படம், ஜூனில் பக்கவாட்டு வெளிச்சம். பாரிஸில் சூரியன் உதிக்கும் புள்ளி டிசம்பருக்கும் ஜூனுக்கும் இடையே 70 பாகைக்கு மேல் நகர்கிறது. நிலநடுக்கோட்டில் அந்த நகர்வு சுமார் 47 பாகைதான். அதனால் நண்பர் மே மாதம் எடுத்த அழகான படத்தைக் காட்டி நவம்பருக்கு நேரம் குறிக்க முடியாது.

பார்க்கும் விதம் சுலபம். சன்கால்க் என்ற இணையதளத்தைத் திறங்கள். இலவசம், ஆப் எதுவும் இறக்க வேண்டாம். வரைபடத்தின் இடக்குறி முள்ளை (பின்) நீங்கள் நிற்கப் போகும் இடத்தில் குத்துங்கள், சின்னத்தின் மேல் அல்ல. உங்கள் பயணத் தேதியைப் போடுங்கள். சூரியன் உதிக்கும் திசைக்கு ஒரு கோடும் மறையும் திசைக்கு ஒரு கோடும் வரைபடத்தில் வரும். மனதுக்குள் மூன்றாவதாக, நிற்குமிடத்திலிருந்து சின்னத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உதயக் கோடு சின்னத்தின் கோட்டை ஒட்டி இருந்தால் காலையில் பின்வெளிச்சம். எதிர்ப்பக்கம் இருந்தால் சின்னத்தின் மேல் நேர் வெளிச்சம். குறுக்கே இருந்தால் பக்க வெளிச்சம். முதன்முறை ஷூட் செய்பவர்களுக்கு இந்தப் பக்க வெளிச்சம்தான் பத்திரம். முகத்திலும் வெளிச்சம் இருக்கும், கண்ணும் கூசாது.

போட்டோபில்ஸ் ஆப் இதைவிட நிறையச் செய்யும். காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரே ஒரு ஷூட்டுக்கு அது தேவையில்லை.

நேரத்தில் இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, கோல்டன் அவர் என்பது பெயருக்குத்தான் ஒரு மணி நேரம். சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகையிலிருந்து இறங்கி மறையும் பொழுதுதான் அந்தப் பொன்வெளிச்சம். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக விழும், அரை மணிக்குள் கதை முடிந்துவிடும். பாரிஸ் அளவுக்கு வடக்கே போனால் கோடையில் சாய்ந்து இறங்கும். முக்கால் மணி நேரம் கிடைக்கும். வெப்ப மண்டல ஊரில் சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது ஷூட்டைத் தொடங்குவது தாமதம். ஒரு மணி பத்து நிமிடம் முன்பே தொடங்குங்கள்.

இரண்டு, ஆப் சொல்லும் மறையும் நேரம் திறந்த அடிவானத்துக்கானது. நகரத்தில் கட்டடம் மறைக்கும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது 30 மீட்டர் கட்டடத்தின் நிழல் 170 மீட்டர் நீளும். ஆகவே பழைய நகரத்துச் சந்துகளில் கணக்குப்படி மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெயில் போய்விடும்.

சூரியனின் திசை இரண்டு வேளையும் ஒத்துவந்து, காலையா மாலையா என்று சந்தேகம் இருந்தால் காலை. அப்போது வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றுதான், கூட்டம்தான் வேறு. உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம் பெரும்பாலான சின்னங்கள் காலியாக இருக்கும்.

எந்த நாள்? போய் இறங்கிய அன்று வேண்டாம், கண்ணுக்குக் கீழே பை தெரியும். கடைசி நாளும் வேண்டாம், மழை வந்தால் மாற்ற நாள் இருக்காது. இரண்டாம் நாள் ஷூட், மூன்றாம் நாள் மழைக்கான மாற்று நாள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவார்கள்; அந்த வார இறுதியில் ஷூட் வைத்தால் நேரத்தை இருமுறை சரிபாருங்கள்.

3. ஆள்

ஃப்ளைட்டோகிராஃபர், லோக்கல்கிராஃபர் போன்ற தளங்கள் பல ஊர்களில் ஆள் ஏற்பாடு செய்து தருகின்றன. போட்டோகிராஃபருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் தேடுவது அவர்கள் பொறுப்பு. அந்த நிம்மதிக்குத்தான் கூடுதல் காசு. நேரடியாகப் பிடிப்பதென்றால் இன்ஸ்டாகிராமில் ஹேஷ்டேகை விட்டுவிட்டு லொகேஷனை வைத்துத் தேடுங்கள். சின்னத்தின் லொகேஷன் பக்கத்தில் நல்ல படங்களுக்குக் கீழே யார் எடுத்தது என்று பெயர் இருக்கும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். யார் கண்ணை வாடகைக்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கலாம்.

பக்கத்தில் போட்டிருக்கும் பத்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாராக இருந்தாலும் நூறு ஷூட்டிலிருந்து பத்து நல்ல படம் தேறும். ஒரே குடும்பத்துக்கு எடுத்த முழு கேலரியைக் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் பார்க்கவும்: கூட்டம் இருந்தபோது எப்படிச் சமாளித்தார், குழந்தைகள் இயல்பாக இருக்கிறார்களா, வெயில் கடுமையான படங்களில் கண்ணுக்கடியில் நிழல் இருக்கிறதா, நம்மைப் போன்ற மாநிறத் தோல் எப்படி வந்திருக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வெளிறிய தோலுக்காகச் செய்த பொன்னிற ப்ரீசெட்டை (முன்பே அமைத்து வைத்த நிறத் திருத்தத்தை) அப்படியே போட்டால் மாநிறம் ஆரஞ்சாகும்.

படங்கள் அவருடையவைதானா என்று கூகுள் லென்ஸில் இரண்டு மூன்றைப் போட்டுப் பாருங்கள்.

4. அனுப்ப வேண்டிய மெசேஜ்

"ஹாய், ரேட் என்ன?" என்று அனுப்பினால் பதில் வராது, வந்தாலும் உதவாது. இதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள்:

"வணக்கம். இன்ன தேதி, சூரிய உதயத்திலிருந்து ஒரு மணி நேரம் ஷூட் வேண்டும். பெரியவர்கள் 3, குழந்தை 1 (வயது 4). இன்ன இரண்டு இடங்கள். அடுத்த நாளை மழைக்கான மாற்று நாளாக வைக்க முடியுமா? எடிட் செய்த படங்கள் எத்தனை, எத்தனை நாளில் வரும்? அனுமதிக் கட்டணம் இருந்தால் யார் கட்டுவது? முழு கேலரி ஒன்றைப் பார்க்கலாமா?"

பயணத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு அனுப்பினால் நல்லது. இத்தனைக்கும் வரிசையாகப் பதில் சொல்பவரை அமர்த்தலாம்.

5. எழுத்தில் வாங்க வேண்டியவை

மின்னஞ்சலில் இருந்தாலே போதும், முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை. படங்களின் எண்ணிக்கை, கடைசித் தேதி, ரத்து விதி, நீங்கள் தாமதித்தால் என்ன, அவர் தாமதித்தால் என்ன. படத்தின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3600×5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படம் 6000×4000 இருக்கும், தாராளம். சிலர் இணையத்துக்கான சின்ன அளவை மட்டும் கொடுத்துவிட்டு அச்சுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

ரா ஃபைல் (கேமரா பதிந்த, எடிட் செய்யாத மூலக் கோப்பு) கேட்டுச் சண்டை போடாதீர்கள், பெரும்பாலும் தர மாட்டார்கள். கேட்க வேண்டிய தொழில்நுட்பக் கேள்வி ஒன்றே ஒன்று: கேமரா ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிகிறதா? ஒரு கார்டு செத்தால் உங்கள் காலைப்பொழுது திரும்ப வராது.

காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 1957 சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பொதுவாகப் படம் எடுத்தவரிடம்தான் உரிமை இருக்கும். அதனால் 'சொந்த உபயோகத்துக்கு அச்சடிக்கலாம், பகிரலாம்' என்ற வரியையும், குழந்தை படத்தைத் தன் பக்கத்தில் போட வேண்டாம் என்றால் அந்த வரியையும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

முழுப் பணத்தையும் முன்பே அனுப்ப வேண்டாம். கால் பங்கிலிருந்து பாதி வரை அட்வான்ஸ் சரி. வங்கிக் கட்டணமும் நாணய மாற்று நட்டமும் யார் தலையில் என்பதையும் பேசிவிடுங்கள்.

6. அனுமதி

நீங்கள் போனில் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ட்ரைபாடையோ (கேமரா முக்காலி) குடையோடு கூடிய ஃப்ளாஷையோ விரித்த நொடியில் காவலாளி வருவார். பல இடங்களில் சுற்றுலாப் பயணிக்கும் தொழில்முறை ஷூட்டுக்கும் உள்ள கோடு அந்த ட்ரைபாட்தான். தாஜ்மகாலுக்குள் ட்ரைபாடை விடவே மாட்டார்கள். எனவே 'கையில் பிடித்தே எடுப்பீர்களா?' என்று கேளுங்கள். ஈஃபில் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனியாகக் காப்புரிமை உண்டு. வீட்டு ஆல்பத்துக்குச் சிக்கலில்லை, விளம்பரத்துக்குப் போட்டால்தான் சிக்கல்.

7. அன்றைக்கு

'கோபுரத்துக்கு முன்னால் சந்திப்போம்' என்பது முகவரி ஆகாது. கோபுரத்துக்கு நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கமும் முன்பக்கம்தான். மேப்ஸ் முள்ளும், அந்த இடத்தின் ஒரு படமும், 'டிக்கெட் கவுன்டருக்கு எதிரே உள்ள விளக்குக் கம்பம்' மாதிரி ஒரு அடையாளமும் முந்தின இரவே வாங்கிவிடுங்கள். போனில் உள்ளூர் டேட்டா இருக்க வேண்டும். வைஃபையை நம்பிப் போனால் லைவ் லொகேஷன் ஹோட்டல் வாசலிலேயே நின்றுவிடும். பத்து நிமிடம் முன்னால் போங்கள்.

உடையில் பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் வேண்டாம், கேமராவில் அலை அலையாக நெளியும். செங்கல் நிறக் கோட்டைக்கு முன்னால் செங்கல் நிறச் சட்டை போட்டால் தலை மட்டும் மிதக்கும். முதுகுப்பையை அறையிலேயே விட்டு வாருங்கள்.

முதல் ஐந்து நிமிடத்துப் படங்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அதில் எல்லோரும் பாஸ்போர்ட் முகத்தோடு இருப்பார்கள். சின்னக் குழந்தை இருந்தால் குடும்பப் படத்தை முதல் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, ஜோடிப் படத்தைக் கடைசியில் வையுங்கள்.

8. படம் வந்ததும்

கேலரி லிங்க் வந்த அன்றே அசல் அளவில் இறக்குங்கள். பல லிங்குகள் சில வாரத்தில் காலாவதியாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை ஏற்க வேண்டாம், அது சுருக்கிவிடும். கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்களில் ஃபோகஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்கும் அந்நியரை நீக்குவது போன்ற திருத்தங்களை மொத்தமாக ஒரே பட்டியலாக, படத்தின் எண்ணோடு அனுப்புங்கள்.

பின்னர் சேர்த்தது

சின்னத்தின் வாசலிலேயே நின்று அழைக்கும் போட்டோகிராஃபர்களைப் பற்றி: ஒன்றிரண்டு படம் போதும் என்பவர்களுக்கு அவர்களே வசதி. எங்கே நின்றால் எது தெரியும் என்று அத்துப்படி. அச்சுப் படத்துக்கு ஒரு விலை, ஃபைலுக்கு ஒரு விலை சொல்வார்கள். முதல் படம் எடுக்கும் முன்பே இரண்டையும் கேளுங்கள். எத்தனை எடுத்தாலும் இத்தனைதான் வாங்குவேன் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நாற்பது படத்தை அச்சடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

மழை தூறினால் ரத்து செய்ய அவசரப்படாதீர்கள். மேகம் மூடிய வானம் முகத்துக்கு நல்ல வெளிச்சம், ஈரத் தரையில் சின்னத்தின் பிம்பமும் விழும். ஒரே நிறத்தில் கோடில்லாத குடை இரண்டு எடுத்துப் போங்கள். ஒளி ஊடுருவும் குடை இன்னும் நல்லது. கறுப்புக் குடை முகத்தில் வர வேண்டிய வெளிச்சத்தையும் மறைத்துவிடும்.