கப்பலில் ‘சுகர் ஃப்ரீ’ அட்டையை நம்பாதீர்கள்: சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பினோம். 4 இரவு. எங்கள் குழுவில் 11 பேர். அதில் 5 பேருக்குச் சர்க்கரை. முதல் நாள் மதியம் பஃபேயில் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவதற்குள், 7 வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளையே அவர்கள் ஒவ்வொருவராகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு டைப் 2 சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. இன்சுலின் போட ஆரம்பித்து 8 வருடம். கப்பலில் இது 6வது பயணம்.

மாத்திரையை மறக்காதீர்கள், ஐஸ்கிரீம் பக்கம் போகாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்தைப் பெரிய பெட்டியில் வைப்பது

துறைமுக முனையத்தின் வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் 1 மணிக்குக் கப்பலுக்குள் போய்விட்டாலும், பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். சில சமயம் ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் தாண்டும். அதுவரை உங்கள் இன்சுலின் எந்த வெயிலில், எந்த வண்டியில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களோடு வந்த ஒருவர் இப்படித்தான் ஊசியே போடாமல் மதியச் சாப்பாட்டை முடித்தார். இன்சுலின் பேனா, ஊசிகள், சர்க்கரை அளக்கும் மீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், டாக்டர் கடிதம், குளுக்கோஸ் மாத்திரை எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும்.

‘சுகர் ஃப்ரீ’ அட்டை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அந்த அட்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பஃபேயில் இனிப்பு வரிசையின் ஓரத்தில் ஒரு தட்டு இருக்கும். இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய வெனிலா கேக், சீஸ் கேக், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் சாக்லேட் மூஸ். முன்னால் வெள்ளை அட்டையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியிருக்கும். எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், முதல் நாளே நான்கு துண்டுகளோடு வந்து உட்கார்ந்தார். “சார், இது நமக்குன்னே வெச்சிருக்கான் சார். வீட்ல ஒரு துண்டு வாயில வைக்க விடமாட்டாங்க” என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லைதான். ஆனாலும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினேன்.

வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை என்பதைத் தவிர அந்த அட்டையில் வேறு எந்தத் தகவலும் இல்லை. கேக் என்பதே மைதாதான். 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அது குளுக்கோஸாகத்தான் மாறும். சீஸ் கேக்கின் அடியில் அழுத்தி வைத்திருப்பது பிஸ்கெட் தூள். இனிப்புக்குப் பெரும்பாலும் மால்டிடால் மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள். அது சர்க்கரை அளவுக்கு வேகமாக ஏற்றாது, ஆனால் ஏற்றும். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், மால்டிடால் சுமார் 2. போதாததற்கு கிரீமும் வெண்ணெயும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மீட்டர் நல்ல எண்ணாகக் காட்டி ஏமாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும்.

என் முதல் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி 8.30 மணிக்கு இரண்டு ரொட்டி, பருப்பு, கொஞ்சம் கோழி. அதற்குச் சரியாக ஊசி போட்டுக்கொண்டேன். அதன்பின் அந்த அட்டையை நம்பி சீஸ் கேக் இரண்டு துண்டும் ஒரு மூஸும் சாப்பிட்டேன். சர்க்கரைதான் இல்லையே என்று அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 10.30-க்கு மீட்டரில் 188. பரவாயில்லை என்று படுத்துவிட்டேன். 12 மணிக்குத் தாகம் எடுத்து எழுந்து பார்த்தால் 304. பதற்றத்தில், டாக்டர் சொல்லாத அளவில் இன்னொரு ஊசி போட்டேன். இரண்டாவது தவறு அதுதான். வேகமாக வேலை செய்யும் இன்சுலினின் விளைவு 4 முதல் 5 மணி நேரம் வரை உடம்பில் இருக்கும். சாப்பாட்டுக்குப் போட்டது தீர்வதற்குள் அடுத்ததும் சேர்ந்துகொண்டது.

விடியற்காலை 3 மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். சட்டை முழுக்க வேர்வை; கை நடுக்கத்தில் ஸ்ட்ரிப்பைச் செருக முடியவில்லை. அவள்தான் குத்திப் பார்த்தாள். 52. சுகர் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. கெட்டில் பக்கத்தில் தேநீருக்காக வைத்திருந்த சின்னச் சர்க்கரைப் பொட்டலங்களில் மூன்றைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். 15 நிமிடம் கழித்து 66. மறுபடியும் மூன்று. பொழுது விடியும்வரை இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் கப்பலின் மருத்துவ மையத்துக்குப் போனோம். பரிசோதனை, இரண்டு மணி நேரக் கண்காணிப்பு. பில் அமெரிக்க டாலரில் வந்து கேபின் கணக்கில் ஏறியது. இரண்டு பேரும் பயணத்துக்குக் கட்டியதில் கால் பங்கு அது. நான் எடுத்திருந்த காப்பீட்டில் முன்பே இருக்கும் நோய்க்கு இடமில்லை. படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மால்டிடால், சார்பிடால் வகைகளை நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் ஆகும். கப்பலில் வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால், வேகமாகத் தொற்றும் நோரோவைரஸாக இருக்குமோ என்று உங்களைக் கேபினைவிட்டு வெளியே வரக்கூடாது என்று நிறுத்தி வைக்கலாம். மறைக்கவும் கூடாது, அது மற்றவர்களுக்கு ஆபத்து. நான்கு நாள் பயணத்தில் இரண்டு நாள் அறைக்குள்ளேயே கழிந்துவிடும்.

அட்டையைப் பார்த்ததும் அங்கே நிற்கும் சமையல்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் என்ன மாவு? இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் அவர்களிடம் இருக்கும், எடுத்துச் சொல்வார்கள். இனிப்பு சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், சாதாரண இனிப்பிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்து அதைக் கணக்கில் சேர்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. அளவு தெரிந்து சாப்பிடுகிறோம் அல்லவா? அன்றைக்கு வங்கி அதிகாரி அரைத் துண்டோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து அவரே மீட்டரைக் கொண்டுவந்து காட்டினார்: 211. மதியத்துக்கு முன்னால் 142 இருந்தது. மதியச் சாப்பாடும் ஒரு பங்குக்குக் காரணம்தான், ஆனால் பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது.

‘சர்க்கரை கம்மியா’ என்று தேநீர் கேட்பது

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையில் ‘தே’ என்று கேட்டால் சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய தேநீர்தான் வரும். சர்க்கரையே அந்தப் பாலுக்குள் இருக்கிறது. ஸ்பூனில் தனியாகப் போடாவிட்டாலும் இனிக்கும். ‘சியூ டாய்’ என்றால் இனிப்பைக் குறைப்பார்களே தவிர நிறுத்தமாட்டார்கள். ‘தே ஓ கோசோங்’ என்று கேளுங்கள்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் வேண்டும் என்றால் ‘தே சி கோசோங்’; அதில் இனிப்பில்லாத எவாபரேட்டட் பால் ஊற்றுவார்கள். கோசோங் என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

ஊசி போட்டுவிட்டுப் பரிமாறக் காத்திருப்பது

பெரிய உணவுக்கூடத்தில் சூப், சாலட், அப்புறம்தான் சாப்பாடு. உட்கார்ந்து 40 நிமிடம் ஆகலாம். உட்கார்ந்ததுமே ஊசி போட்டால், சாப்பாடு வருவதற்குள் சுகர் இறங்கிவிடும். கடல் கொந்தளிக்கும் இரவுகளில் இன்னும் கவனம் வேண்டும்: ஊசி போட்ட பிறகு குமட்டல் வந்து சாப்பிட முடியாமல் போனால் சிக்கல்தான். வாந்தி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், ஊசியை எப்படிக் குறைக்க வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகர் இறங்கும்போது டயட் கோலா குடிப்பது

அதில் சர்க்கரை கிடையாது. ஏறாது.

கேபின் ஃபிரிட்ஜை நம்புவது

சில கேபின்களில் இருப்பது வெறும் குளிர்பானப் பெட்டி, குளிரவே குளிராது. சிலவற்றில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. சின்ன வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

தலைமைப் பரிமாறுபவரிடம் பேசாமல் இருப்பது

முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார்கள். சோளமாவு கலக்காத சூப், இனிப்பில்லாத சாலட் சாறு, உருளைக்கிழங்குக்குப் பதிலாக வேகவைத்த காய் எல்லாம் இப்படிக் கேட்டுத்தான் கிடைத்தன.

வெறுங்காலில் நடப்பது

நீச்சல் குளத்துத் தளம் மதிய வெயிலில் கொதிக்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு அது சுடுவதே தெரியாது. பினாங்கில் இறங்கினால் தண்ணீர்மலை முருகனைப் பார்க்காமல் நம்மவர்கள் திரும்பமாட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள். செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து வெயில் காய்ந்த தளம். எங்களோடு வந்த அம்மா ஒருவர் சிரித்த முகமாக இறங்கி வந்தார். ராத்திரி பார்த்தால் குதிகாலில் புளியங்கொட்டை அளவு கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை. காலுறை போட்டுக்கொண்டு, காலை 8 மணிக்குள் ஏறிவிடுங்கள். கேபினுக்குத் திரும்பியதும் விளக்கைப் போட்டு, இரண்டு பாதங்களின் அடியையும் விரல் இடுக்குகளையும் கைக்கண்ணாடியில் பாருங்கள்.