ரிமோட் வியூயிங் பதிவுகளைப் பிறர் நம்பும்படி சேகரிப்பது எப்படி?

தொலைவில் மறைந்திருக்கும் இடத்தையோ படத்தையோ மனத்தால் காண முடியும் என்ற கூற்றை நீங்கள் ஏற்றாலும் மறுத்தாலும், தரவு கறாராகச் சேகரிக்கப்பட்டிருந்தால்தான் அது இரு தரப்புக்கும் பயன்படும். ஓர் அமர்வில் பார்வையாளர், தனக்குக் காட்டப்படாத இலக்கை (இடம் அல்லது படம்) மனத்தில் தோன்றியபடி விவரிப்பார். நடுவர் அந்த விவரிப்பு எந்த இலக்கோடு பொருந்துகிறது என்று தேர்ந்தெடுப்பார்.

படி 1: விதிகளை முன்பே எழுதுதல்

எத்தனை அமர்வுகள், யார் நடுவர், எது வெற்றி என்பவற்றை முதல் அமர்வுக்கு முன்பே எழுதி, சோதனையோடு தொடர்பில்லாத ஒருவருக்கு மின்னஞ்சல் செய்துவிடுங்கள். நடுவர் நான்கு படங்களில் ஒன்றைத் தேர்வதென்றால், 100 அமர்வுகளில் 25 சரியாக அமைவது தற்செயலுக்கு உட்பட்டதே. 33 அல்லது அதற்கு மேல் தற்செயலாக அமையும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நல்ல எண் வந்ததும் நடுவிலேயே நிறுத்திக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது.

படி 2: இலக்கைப் பூட்டுதல்

இலக்கைக் கணினியின் ரேண்டம் எண்ணே தேர்ந்தெடுக்கட்டும். அதன் பெயரை எஸ்எச்ஏ-256 என்ற கணினி முறையில் ஹேஷ் செய்து (அதாவது, நேரடியாகத் திருப்பி மூலத்தைப் பெற முடியாத குறியீடாக மாற்றி), கிடைக்கும் 64 எழுத்துகளை அமர்வுக்கு முன்பே அந்த வெளியாளுக்கு அனுப்புங்கள். புதியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். பெயரை மட்டும் ஹேஷ் செய்தால், நான்கு பெயர்களையும் ஹேஷ் செய்து பார்த்து எவரும் விடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பெயரோடு நீண்ட ரேண்டம் எழுத்துத் தொடர் ஒன்றைச் சேர்த்து ஹேஷ் செய்து, அத்தொடரை அமர்வு முடிந்த பிறகே வெளியிட வேண்டும். வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு என்டர் சேர்ந்தாலும் மதிப்பு முழுவதும் மாறிவிடும் என்பதால், இரண்டையும் ஓர் உரைக்கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பையே ஹேஷ் செய்து பத்திரப்படுத்துங்கள்.

படி 3: நடுவருக்குத் துப்புக் கொடுக்காமை

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ரஸ்ஸல் டார்கும் ஹெரால்டு புத்தாஃபும் நடத்திய சோதனைகளின் உரைப்பதிவுகளை ஆராய்ந்த டேவிட் மார்க்ஸும் ரிச்சர்டு கம்மனும், முந்தைய இலக்குகளைப் பற்றிய பேச்சு அவற்றில் அப்படியே இருந்ததை 1978இல் நேச்சர் அறிவியல் இதழில் சுட்டிக்காட்டினர். நடுவருக்குத் தரப்பட்ட இலக்கு இடங்களின் பட்டியலும் அந்த இடங்களுக்குச் சென்ற வரிசையிலேயே இருந்ததால், விவரிப்பை இடத்தோடு பொருத்த அந்தத் துப்புகளே உதவியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். துப்புகளை நீக்கிய பின்னும் விளைவு நிற்பதாக 1980இல் சார்ல்ஸ் டார்ட் குழு எழுதியும் சர்ச்சை ஓயவில்லை. பிற்பாடு செய்யும் திருத்தம் எவரையும் நிறைவுபடுத்தாது என்பதையே இது காட்டுகிறது.

"நேற்றைய பாலம் மாதிரி இல்லை" என்ற ஒரு வரியே அமர்வின் வரிசையைச் சொல்லிவிடும். எனவே இலக்கை அறியாத ஒருவர் அத்தகைய வரிகளை அன்றன்றே நீக்க வேண்டும். மூலப்பதிவு தனியே இருக்கட்டும். தாள்களுக்குத் தேதி வேண்டாம், ரேண்டம் குறியீடு போதும். நடுவரிடம் கலைத்துப்போட்டே கொடுங்கள்.

படி 4: எதையும் விடாமை

பாதியில் நின்ற அமர்வும் பதிவாக வேண்டும். எக்செல்லில் பழைய எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பதால், உரைக்கோப்பையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளையுமே நான் பரிந்துரைக்கிறேன்.

பின்சேர்க்கை: அமர்வு முடிந்ததும் பார்வையாளருக்கு விடையைச் சொல்லலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சொல்லலாம், ஆனால் பயன்படுத்திய படத்தை மீண்டும் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் வந்துபோன படங்களைத் தவிர்த்து விவரித்தே அவர் தற்செயலை மிஞ்சிவிட முடியும்.