நோயாளியோடு வரும் அகதிக் குடும்பத்துக்குத் தற்காலிக அறை

கனடாவில் மீள்குடியேறும் குடும்பத்தில் நோயாளி இருந்தால், அவர்கள் வருமுன்பே, முதலில் தற்காலிகமாகத் தங்கப்போகும் ஹோட்டல் அறையை அளந்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்குக் கதவு திறந்தபின் 32 அங்குல வழி வேண்டும். பெரும்பாலும் குளியலறையில்தான் இடிக்கும். வாசற்படி 6 அங்குல உயரம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும்.

திறக்காத இன்சுலினை 2–8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஹோட்டலின் குட்டி ஃபிரிட்ஜில், ஐஸ் பிடிக்கும் பின்சுவரை ஒட்டி வைத்த குப்பி உறைந்துவிடும். உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடவே கூடாது, எறிந்துவிடுங்கள். நடுத்தட்டில் சின்ன தெர்மாமீட்டரோடு வையுங்கள்.

ஆக்சிஜன் இயந்திரத்தை அடுப்பிலிருந்து 10 அடி தள்ளி, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

டயாலிசிஸ் வாரம் 3 முறை என்றால், அறையின் வசதியைவிட மருத்துவமனைத் தூரமே முக்கியம். நிரந்தர வீட்டுக்கு மாறுமுன் புது முகவரியை டயாலிசிஸ் பிரிவுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோயாளியைக் கூட்டிப்போக வரும் வண்டி பழைய வாசலுக்கே போகும்.