படக்கதை இராமாயணத்தை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நமக்கு இராமாயணம் இரண்டு வழியாகக் காதில் விழும். கர்க்கடக (ஆடி) மாதத்தில் மலையாளத்தில் இராமாயணம் பாடிய எழுத்தச்சன், காவுகளில் (பகவதி கோயில்களில்) தோல் பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக் கூத்து நடந்தால் கம்பன். கதைதான் தெரியுமே என்று புரட்டினால் படக்கதையில் தடுக்கும்.

முதலில் எழுத்தை விட்டுவிட்டு ஒரு காண்டத்தைப் படமாக மட்டும் பாருங்கள்.

அடுத்து வரிசை. இடமிருந்து வலம், பிறகு கீழே. கட்டத்துக்குள் மேலே இடப்பக்கம் உள்ள பலூன்தான் முதல் பேச்சு. ஒரு கட்டம் நடுமடிப்பைத் தாண்டியிருந்தால் மேல் வரிசையை இரண்டு பக்கத்திலும் முடித்துவிட்டே கீழே இறங்க வேண்டும். போனில் இந்தப் பக்கங்கள் பாதியாக வெட்டுப்பட்டு, போர்க்காட்சி குழம்பிவிடும். அச்சுப் புத்தகமே வாங்குங்கள்.

மூன்றாவது படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்: ஓவியர் எந்த இராமாயணத்தை வரைகிறார்? சீதையை இராவணன் கவரும் பக்கத்துக்கு நேராகப் போங்கள். கையால் பற்றித் தூக்கினால் வால்மீகி வழி. தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தால் கம்பன். அதற்கு முன்பே சீதை நெருப்பில் மறைந்து மாயாசீதை நின்றால், எழுத்தச்சன் பின்பற்றிய அத்யாத்ம ராமாயணம். வாசலில் இலக்குவன் கோடு கிழித்திருந்தால் அது பிற்காலத்துச் சேர்க்கை. வால்மீகியிலும் கம்பனிலும் அந்தக் கோடு கிடையாது. அகலிகை கல்லாகக் கிடந்தால் அது வால்மீகி அல்ல. அவர் பாலகாண்டத்தில் அவள் யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். பல நூல்கள் இவற்றைக் கலந்தே வரைகின்றன. எனவே ஒரு காட்சியை வைத்து முடிவுகட்டாமல், பென்சிலால் ஓரத்தில் வா, க, எ என்று குறித்துக்கொண்டே போங்கள். வீட்டில் கேட்ட கதையோடு ஒட்டவில்லை என்பதற்காகத் தவறாக வரைந்திருக்கிறார்கள் என்று மூடிவிடாதீர்கள்.

மரவுரி வந்தபின் இராமனும் பரதனும் ஒன்றுபோல் தெரிவார்கள். நிறமும் ஒன்றே. கங்கைக் கரையில் பரதனைப் பார்த்த குகனுக்கே தன் நாயகனைப் போலத்தான் தெரிந்தது. சீதை உடனிருக்கிறாளா என்று பாருங்கள், இருந்தால் இராமன். சித்திரகூடத்துக்குப் பிறகு பாதுகைதான் பரதனுக்கு அடையாளம்.

பின்சேர்க்கை: பிள்ளை மலையாள மீடியம், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தோல்பாவைக் கூத்து நடக்கும் கூத்துமாடத்தில் 42 அடித் திரைக்குப் பின்னால், 21 விளக்கொளியில் புலவர் பாட்டும் பொருளும் சொல்ல, எதிரே இருப்பவர்கள் நிழலைப் பார்க்கிறார்கள். அதேபோல் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை படம் பார்க்கட்டும். வாசிக்கும்போது விரலைப் பலூனின் வாலில் வையுங்கள். அது யார் வாயை நோக்கிப் போகிறதோ அவர் பெயரைப் பிள்ளை சொல்ல வேண்டும். வால் இல்லாத சதுரப் பெட்டி என்றால் கதை சொல்பவரின் குரல், அதைக் குரல் மாற்றி வாசியுங்கள்.