"அப்பாவ கூட்டிட்டு வந்தாதான் உள்ள": ஸ்கூல்ல நாம பண்ற தப்புகள்

கவர்மெண்ட் ஸ்கூல்ல சஸ்பெண்ட்னு ஆர்டர் போட்டு அனுப்புறது ரொம்ப கம்மிதாங்க. நிஜத்துல டீச்சருங்க நாம பண்றது என்னன்னா, "போ, அப்பாவ கூட்டிட்டு வந்தாதான் உள்ள விடுவேன்"னு சொல்லி பைய கைல குடுத்து அனுப்பிடுறோம். அட்டெண்டன்ஸ்ல ஆப்சென்ட் விழும், ஒரு நாள் ரெண்டு நாளாகும், ரெண்டு நாள் ரெண்டு வாரமாகும், யாரும் இத சஸ்பென்ஷன்னு கணக்குல எடுக்க மாட்டாங்க. பசங்கள இழக்குறதுல இதுதான் முதல் தப்புன்னு நான் சொல்லுவேன், நானே பண்ண தப்புங்கறதால தைரியமா சொல்றேன்.

நிலக்கோட்டை பக்கம் ஒம்பதாவதுக்கு கணக்கு எடுத்துட்டு இருந்தப்ப ஒரு பையன், முதல் பீரியட் ஆரம்பிச்சாலே தல சாஞ்சுடும், எழுப்புனா எதுத்து பேசுவான். ஒரு நாள் ரொம்ப பேசிட்டான், அப்பாவ கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டேன். ஒம்பது நாள் வரல. பத்தாவது நாள் கிளாஸ் லீடர் பொண்ணு டேபிள் பக்கத்துல வந்து நின்னு மெதுவா, "சார், அவனுக்கு அப்பா இல்ல சார்"னு சொல்லுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இறந்துட்டாரு. எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு நானும் நெனைக்கல.

அப்பா இருக்குற பிள்ளைங்களுக்கும் இது நல்லா முடியறதில்ல. கொத்து வேலைக்கு போறவர் ஸ்கூலுக்கு வந்தா அன்னைக்கு கூலி போச்சு, அந்த கோவத்தோட ஹெச்எம் ரூமுக்குள்ள வர்றாரு, நாம குத்தத்த வரிசையா சொல்ல சொல்ல எல்லார் முன்னாடியும் பையன போட்டு அடிக்கிறாரு. 2003லயே தமிழ்நாடு கல்வி விதிகள்ல 51ஆவது விதிய திருத்தி பிரம்பு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவும் அடிக்கக் கூடாது, மனசு நோகடிக்கக் கூடாதுங்குது. நாம கை வெக்க முடியாதத அப்பா கையால வெக்க வெக்கிறோம், அவ்வளவுதான். அதுக்கு பதிலா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, அவங்க வேலை முடிஞ்சு வந்தப்புறம் போன் பண்ணுங்க. முதல்ல பையன் பண்ண நல்லது ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் பிரச்சினைய சொல்லுங்க, பேச்சே வேற மாதிரி போகும்.

அடுத்தது, வெளிய அனுப்புனா அவன் வீட்ல உக்காந்து யோசிச்சு திருந்துவான்னு நெனைக்கிறது. யாருங்க வீட்ல இருக்கா? பதினாலு வயசு பையன் நாலு நாள் சும்மா இருந்தா அஞ்சாவது நாள் யாராச்சும் வேலைக்கு கூப்பிட்டு கைல காசு குடுத்துடுவாங்க, காசு பாத்தவன திரும்ப பெஞ்சுல உக்கார வெக்கிறது எவ்வளவு கஷ்டம்னு வாத்தியாருங்களுக்கு தெரியும். பொண்ணா இருந்தா வீட்ல மாப்பிள்ளை பேச்சு ஆரம்பிக்கும். சத்துணவும் அவ்வளவு நாள் கட், சில பிள்ளைங்களுக்கு வயிறு நிறைய சாப்பிடுறதே அந்த ஒரு வேளைதான்.

"டிசி குடுத்துடுவேன்"னு வாய்க்கு வாய் மிரட்டுறதும் வேண்டாம். எட்டாவது முடியிற வரைக்கும் எந்த பிள்ளையையும் ஸ்கூல விட்டு நீக்கக் கூடாதுன்னு அதே சட்டத்துல 16ஆவது பிரிவு சொல்லுது, 2019ல ஃபெயில் போடலாம்னு அத திருத்துனப்ப கூட இத தொடல. ஆனா டீச்சருங்க பயமும் பொய் இல்ல. 2022ல பசங்க வாத்தியார அடிக்க பாயுற வீடியோல்லாம் வந்துச்சு, அந்த மே மாசமே அப்ப பள்ளிக்கல்வி அமைச்சரா இருந்த அன்பில் மகேஷ், ஆசிரியர்கிட்ட அத்துமீறுறவங்கள டிசிலயும் காண்டக்ட் சர்டிபிகேட்லயும் காரணம் எழுதி நிரந்தரமா நீக்குவோம்னு சட்டசபைல சொன்னாரு. அம்பது அறுபது பேர் இருக்குற கிளாஸ்ல தனியா நிக்கிறவங்களுக்கு அந்த வார்த்தை ஆறுதலாதான் இருந்திருக்கும். இருந்தாலும் காண்டக்ட் சர்டிபிகேட்ல அப்படி எழுதி வாங்கிட்டு போற பையன எந்த ஸ்கூல் சேத்துக்கும், சொல்லுங்க.

எப்ப, எங்க சண்டை வருதுன்னு எழுதி வெக்காம விடுறதும் தப்புதான். ஒரு நாப்பது பக்க நோட்டு போதும், தேதி, பீரியட், யாரு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. நான் ரெண்டு வாரம் எழுதி பாத்தேன், முக்காவாசி பிரச்சினை மத்தியானத்துக்கு மேல, அதுவும் பிடி பீரியட நான் கணக்குக்கு வாங்கிக்கிட்ட நாள்ல. போர்ஷன் முடிக்கணும்னு வாங்குனேன், ஓடி ஆட வேண்டிய நேரத்துல உக்கார வெச்சு இயற்கணிதம் போட்டா கால் சும்மா இருக்குமா? பிடிய திருப்பி குடுத்தேன், பாதி குறைஞ்சுடுச்சு. ஸ்டாஃப் ரூம்ல "அவனா, அவங்க அண்ணனும் அப்படித்தான்"னு பேசுறதும் இதே ரகம்தான், புதுசா வர்ற டீச்சர் அந்த பையன பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டு போறாங்க.

ஒரு விஷயத்த மட்டும் மத்ததோட சேக்காதீங்க. சாதி சொல்லி திட்டுறது, அடிக்கிறது, வேலை ஏவுறது, இதெல்லாம் "பசங்க சண்டை" கிடையாது, ரெண்டு பேரையும் கை குடுக்க சொல்லி அனுப்புறதுக்கு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில, கூட படிச்சவங்க தொல்லை தாங்காம ஸ்கூலுக்கு போகாம இருந்த பையன், விஷயத்த ஸ்கூல்ல சொன்னப்புறம் வீடு புகுந்து அவனையும் தங்கச்சியையும் அருவாளால வெட்டுனாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்கூல்ல சாதி சண்டைய தடுக்க வழி சொல்ல ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமைல குழு போட்டாங்க, 2024ல அறிக்கை குடுத்தாரு. புகார் சொன்ன பிள்ளை பத்திரமா வீடு போய் சேருதா, நாளைக்கு யார் பக்கத்துல உக்காரும், இத மொத நாளே பாக்கணும், குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு போன் பண்ண தயங்கவே கூடாது.

நம்ம ஆளுங்க சுத்தமா மறக்குறது திரும்பி வர்ற நாள். "வந்துட்டாரு பெரிய மனுஷன்"னு ஒரு வார்த்தை போதும், அவன் மறுநாள் வர மாட்டான். அந்த ஒம்பதாவது பையன் வீட்டுக்கு நான் சாயங்காலம் போனேன், அம்மா மட்டும் இருந்தாங்க. விடியக்காலம் நாலு மணிக்கு நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் மல்லிகைப்பூ பறிக்க போறாங்க, பூவ மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு அங்கிருந்து அவன் நேரா ஸ்கூலுக்கு வர்றான், தூக்கம் அதனாலதான். எதுத்து பேசுனது தப்புன்னு அவன்கிட்ட சொன்னேன், கேக்காம அனுப்புனது என் தப்புன்னும் சொன்னேன். மறுநாள் கேட்லயே நின்னு கூட்டிட்டு போனேன், முதல் பீரியட் அஞ்சு நிமிஷம் போய் முகம் கழுவிட்டு வரலாம், ஜன்னல் ஓரம் இடம், விட்ட கணக்க லீடர் நோட்டுல இருந்து ஒரு வாரத்துல எழுதிக்கணும், இவ்வளவுதான் பேசி வெச்சது. நோட்ட கைல குடுத்தப்ப அவன் விரல்ல இருந்து பூ வாசம் வந்துச்சு. அது வரைக்கும் நான் அவ்வளவு கிட்ட போய் நின்னதே இல்ல.